.44 மேக்னம் ரிவால்வரில் மான் வேட்டைக்குச் சொந்தத் தோட்டா: மருந்தை மாற்றுவதா, சிலிண்டரை அளப்பதா?

பாலைக்காற்று (டெக்சாஸ்)

எல்லோருக்கும் வணக்கம். ஹில் கன்ட்ரி பக்கம் இருக்கிறேன். நவம்பரில் வெள்ளைவால் மான் பருவம் தொடங்குகிறது, இந்த முறை ரைஃபிளை வீட்டில் வைத்துவிட்டு ரிவால்வரோடு மட்டும் போகலாம் என்று எண்ணம். என்னிடம் இருப்பது .44 மேக்னம், சிங்கிள் ஆக்‌ஷன் (ஒவ்வொரு முறையும் சுடும் முன் சுத்தியலைக் கையால் இழுக்கும் வகை), ஏழரை அங்குலக் குழல், சாதாரண இரும்பு சைட். ஸ்கோப் இல்லை.

தோட்டா நானே நிரப்புகிறேன், அதாவது உறையில் பிரைமர், மருந்து, குண்டு மூன்றையும் நானே வைக்கிறேன். குண்டு 240 கிரெய்ன் (எடை அலகு) ஹார்னடி எக்ஸ்டிபி, செம்புறை போட்டது. மருந்து எச்110, அதைப் பற்ற வைக்க மேக்னம் பிரைமர். கையேட்டில் தொடக்க அளவாகக் கொடுத்திருப்பதிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, உச்ச அளவுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டேன். உறைகளில் அழுத்த அறிகுறி எதுவும் இல்லை, சுலபமாக வெளியே வருகின்றன.

பிரச்சினை துல்லியம். 50 கஜத்தில் மணல்மூட்டை மேல் கையை வைத்துச் சுட்டால் ஆறு குண்டும் ஐந்து அங்குலத்துக்குப் பரவுகின்றன. நாலு ஓரளவு நெருக்கமாக விழும், இரண்டு எங்கோ வலப்பக்கம் மேலே போய்விடும். மருந்தின் அளவை ஏற்றினாலும் இறக்கினாலும் இதே கதைதான். அடுத்ததாக 2400 என்ற மருந்தை வாங்கிப் பார்க்கலாமா, இல்லை குண்டை மாற்றலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஆறுஅறை (அரிசோனா)

தம்பி, இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. நாலு நெருக்கமாக, இரண்டு விலகி, அதுவும் எப்போதும் ஒரே திசையில். மருந்து சரியில்லை என்றால் ஆறும் கலைந்து கிடக்கும். ஒரே திசையில் இரண்டு மட்டும் போகிறதென்றால் அந்த இரண்டும் எந்த அறையிலிருந்து வந்தன என்பதுதான் முதல் கேள்வி.

ரைஃபிளில் ஓர் அறை, ஒரு குழல். ரிவால்வரில் ஆறு அறை, ஆறும் தனித்தனியாகத் துளையிடப்பட்டவை. ஒவ்வொன்றும் சுற்றி வந்து குழலுக்கு நேராக நிற்க வேண்டும். ஓர் அறை மயிரிழை தள்ளி நின்றாலும் குண்டு ஃபோர்சிங் கோனின் (குழலின் பின்வாயில் உள்ள கூம்பு) ஒரு பக்கச் சுவரில் இடித்து, ஒருபுறம் சிராய்ந்துதான் குழலுக்குள் நுழையும். அப்புறம் நீங்கள் எந்த மருந்து போட்டாலும் அந்தக் குண்டு நேராகப் போகாது. வயோமிங்கில் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் ரிவால்வர்களுக்கு அவ்வளவு விலை வருவதற்கு ஒரு காரணம், அவர்கள் சிலிண்டரை அந்தந்தச் சட்டகத்திலேயே பொருத்தி வைத்து, குழலுக்கு நேராக அறைகளைத் துளைப்பது.

செய்ய வேண்டியது இது. சிலிண்டரின் வெளிப்பக்கம் மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் போடுங்கள். ஒவ்வோர் அறைக்கும் தனி இலக்குத் தாள். முதல் அறையில் மட்டும் தோட்டா போட்டு ஐந்து குண்டு முதல் தாளில், இரண்டாம் அறையில் ஐந்து இரண்டாம் தாளில், இப்படியே ஆறு வரை. மருந்து, குண்டு, உறை எல்லாம் இப்போது இருப்பதே இருக்கட்டும். எதையும் மாற்றக் கூடாது. இதற்கு 30 தோட்டா செலவாகும். புது டப்பா மருந்தும் குண்டும் வாங்குவதைவிட இது மலிவு, தெரிய வரும் விஷயமும் அதிகம்.

அதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சோதனை. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள், சிலிண்டரைக் கழற்றி எடுங்கள். நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, நிரப்பாத வெறும் எக்ஸ்டிபி குண்டு ஒன்றை எடுத்து ஒவ்வோர் அறையின் முன்வாயிலும் வையுங்கள். த்ரோட் என்று சொல்வது அந்த இடத்தைத்தான். விரலால் லேசாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தானாக விழுந்தால் த்ரோட் அகலம். கட்டைவிரல் வலிக்கத் தள்ளியும் போகவில்லை என்றால் குறுகல். ஆறில் நாலு ஒரு மாதிரியும் இரண்டு வேறு மாதிரியும் இருந்தால் எனக்கு ஆச்சரியமே இருக்காது.

த்ரோட்டின் அளவு குழலின் பள்ள விட்டத்தைவிட (உட்புறச் சுருள் பள்ளங்களின் அடியில் அளக்கும் விட்டம்) ஒன்றிரண்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாக இருப்பது நல்லது. .44-க்குப் பள்ள விட்டம் பெரும்பாலும் .429 அங்குலம், ஆகவே த்ரோட் .430, .431 என்று இருந்தால் சரி. த்ரோட் குழலைவிடக் குறுகியிருந்தால் குண்டை முதலிலேயே நசுக்கிச் சிறிதாக்கிவிடும், குழலுக்குள் அது இறுக்கமாகப் பிடிக்காது. குறுகலை நல்ல துப்பாக்கித் தச்சர் ரீமர் போட்டு அகலப்படுத்திவிடுவார். அகலமானதைக் குறுக்க வழி இல்லை.

ஈயவார்ப்பு (ஐடஹோ)

ஆறுஅறை அண்ணன் சொன்னதை மறுக்கவில்லை, அளக்கட்டும். ஆனால் 2400-ஐ அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடாதீர்கள். .44 மேக்னம் பிறந்ததே அந்த மருந்தில்தான்.

நான் இருப்பது துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்தின் மாநிலம். அவர் சால்மன் ஊர்க்காரர். 1920-களில் .45 கோல்ட் தோட்டாவை அளவுக்கு மீறி நிரப்பிச் சிலிண்டர் வெடித்த பிறகுதான் .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாறினார். .44-இல் அறைகளுக்கு நடுவே இரும்புச் சுவர் சற்றுத் தடிமன், உறையும் உறுதி. தானே வடிவமைத்த 250 கிரெய்ன் ஈயக் குண்டை ஹெர்குலிஸ் நிறுவனத்தின் 2400 மருந்தோடு நிரப்பி வினாடிக்கு ஏறக்குறைய 1200 அடி வேகம் எடுத்தார். பல வருஷம் விடாமல் எழுதி எழுதி, கடைசியில் ரெமிங்டன் தோட்டாவையும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வரையும் 1956-ஐ ஒட்டிக் கொண்டுவந்தார்கள். பழைய .44 ஸ்பெஷல் துப்பாக்கியில் யாரும் தவறிப் போட்டுவிடக் கூடாது என்றுதான் உறையை எட்டில் ஒரு பங்கு அங்குலம் நீட்டினார்கள்.

அந்தக் குண்டின் வார்ப்பச்சு லைமன் 429421, இன்றைக்கும் என் மேசையில் இருக்கிறது. தட்டையான மூக்கு, கூர்மையான தோள்விளிம்பு, ஆழமான எண்ணெய்ப் பள்ளம். நன்றாக வார்த்து, த்ரோட் அளவுக்குச் சரியாகச் சைஸ் செய்து (அச்சுவழி தள்ளி விட்டத்தைச் சரிப்படுத்தி), 2400 போட்டால் விலை கொடுத்து வாங்கும் செம்புறைக் குண்டுக்கு எந்த விதத்திலும் சளைக்காது. மானின் மேல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறும், இரத்தத் தடம் தொடர்வதற்குத் தெளிவாக இருக்கும்.

2400-இன் இன்னொரு நல்ல குணம், கொஞ்சம் குறைத்துப் போட்டாலும் ஒழுங்காக எரியும். எச்110 அப்படி இல்லை.

ஆறுஅறை

ஈயவார்ப்பு சொன்ன கடைசி வரியைப் புதிதாக வருபவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எச்110 உருண்டைத் துகள் மருந்து. பற்ற வைப்பது கடினம். உறை ஏறக்குறைய நிறைய வேண்டும், மேக்னம் பிரைமர் வேண்டும், குண்டை உறை இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் .44 மேக்னத்தில் இதைவிட வேகமும் சீரும் தரும் மருந்து குறைவு. குறைத்துப் போட்டால் சரியாக எரியாமல் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்த குண்டைச் சுட்டால் துப்பாக்கியும் போச்சு, கையும் போச்சு. வெளியிட்ட அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே சொல்கிறது. வின்செஸ்டர் 296 என்று வேறு டப்பாவில் வருவதும் இதே மருந்துதான், அதற்கும் இதே எச்சரிக்கை.

அதேசமயம் இதில் ஒரு பாதுகாப்பும் உண்டு. உறை நிறைய மருந்து நிற்பதால் தவறி இரண்டு முறை கொட்டினால் பொங்கி வழிந்து உங்களுக்கே காட்டிக்கொடுத்துவிடும். யூனிக் மாதிரி வேகமான மருந்தில் இரட்டை அளவு போட்டாலும் உறைக்குள் அடங்கிவிடும், வெளியே எதுவும் தெரியாது. எந்த மருந்தானாலும் குண்டு வைப்பதற்கு முன் உறைகளைப் பலகையில் வரிசையாக நிறுத்தி விளக்கு அடித்து ஒவ்வொன்றின் உள்ளும் பாருங்கள். மருந்து மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

கிரெய்ன் கணக்கில் மருந்து அளவை இந்த இழையில் யாரும் எழுத வேண்டாம். குண்டு தயாரிப்பவர் கையேடு, மருந்து தயாரிப்பவர் பக்கம், இரண்டையும் ஒப்பிட்டு எடுங்கள். ஓர் எண் மாறி அச்சானாலும் விளைவு பெரிது.

கணக்குப்பிள்ளை (வட கரோலினா)

ஆறு தாளில் ஐந்தைந்து குண்டு என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு சேர்க்கை. அதை ஒரே நாளில் முடித்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள். இன்னொரு நாள், அறைகளின் வரிசையை மாற்றி, திரும்பவும் செய்யுங்கள். கை களைத்துப் போவதால் கடைசி அறைகள் மோசமாகத் தெரிய வாய்ப்பு இருக்கிறது. .44 மேக்னத்தில் 30 குண்டு என்பது மணிக்கட்டுக்குச் சின்ன வேலை இல்லை.

மூன்று குண்டுக் குவியலை (தாளில் விழும் கொத்தை) வைத்து மருந்து தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரே தோட்டாவில், ஒரே துப்பாக்கியில், மூன்று மூன்றாகச் சுட்டால் ஒரு தாளில் ஓர் அங்குலம் வரும், அடுத்த தாளில் மூன்று அங்குலம் வரும். இரண்டும் அதே தோட்டாதான். அந்த ஓர் அங்குலத் தாளைப் படம் எடுத்துப் போடுவதால் துப்பாக்கி ஓர் அங்குலத் துப்பாக்கி ஆகிவிடாது. ஐந்து குண்டுக் குவியல்கள் நாலைந்து சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் கொஞ்சம் நம்பலாம்.

கிரோனோகிராஃப் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. வேக வேறுபாட்டைச் சுருக்குவதிலேயே மாதக்கணக்கில் இருந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1300 அடி வேகத்தில் போகும் குண்டு 50 கஜத்தைக் கடக்க ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்குகூட ஆகாது. அதற்குள் புவியீர்ப்பால் மூன்று அங்குலத்துக்கும் குறைவாகத்தான் இறங்குகிறது. வேகம் 50 அடி கூடிக் குறைந்தாலும் அந்த இறக்கத்தில் கால் அங்குல வித்தியாசம்கூட வராது. 100 கஜத்தில் ஓர் அங்குலம் அளவுக்கு வரும். ஆகவே பாலைக்காற்றின் ஐந்து அங்குலத்துக்கு வேகம் காரணமாக இருக்க முடியாது.

ஆறுஅறை

கணக்கு சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிவால்வரில் குண்டு குழலை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே பின்னுதைப்பில் முன்முனை மேலெழத் தொடங்கிவிடுகிறது. மெதுவாகப் போகும் கனமான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருக்கும், அதனால் உயரத்தில் போய்ப் படும். அதே துப்பாக்கியில் 180 கிரெய்னுக்கும் 300 கிரெய்னுக்கும் 25 கஜத்திலேயே சில அங்குலம் வித்தியாசம் வரும், கனமானதுதான் மேலே. ரைஃபிளில் இருந்து வருபவர்கள் இதைப் பார்த்துக் குழம்புவார்கள். பிடியின் இறுக்கம் மாறினாலும் இதே காரணத்தால் உயரம் மாறும். அதனால் மூட்டையில் குழலை வைக்காதீர்கள், மணிக்கட்டை வையுங்கள். காட்டில் எப்படிப் பிடிப்பீர்களோ அதே இறுக்கத்தில் பிடியுங்கள்.

பாலைக்காற்று

அண்ணா, சொன்னபடி செய்தேன். வெறும் குண்டு வைத்துப் பார்த்ததில் 1, 2, 4, 6 நான்கும் விரல் தள்ளலுக்கு ஒரே மாதிரி வழுக்கிப் போயின. 3-உம் 5-உம் இறுக்கம், 5-இல் மரக்குச்சி வைத்துத் தள்ள வேண்டி இருந்தது. தாளிலும் அதேதான். நல்ல நான்கு அறைகளும் தனித்தனியாக இரண்டு, இரண்டேகால் அங்குலம், எல்லாம் ஒரே மையத்தைச் சுற்றி. 3 கொஞ்சம் பெரிது. 5-ஆம் அறை வலப்பக்கம் மேலே, நீங்கள் சொன்னதுபோல் தனியாக.

கணக்குப்பிள்ளை சொன்னபடி வரிசையை மாற்றி மறுபடியும் செய்தேன், முடிவு மாறவில்லை. இப்போது தச்சரிடம் போவதா? இரண்டு அறையையும் விட்டுவிட்டு நான்கில் மட்டும் வேட்டைக்குப் போவதா?

ஆறுஅறை

இரண்டும் செய்யலாம். த்ரோட் ரீமிங் பெரிய வேலை இல்லை, ஆறையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று. 3-ஆம் அறை அதில் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். 5-ஆம் அறை குறுகலாகவும் இருக்கிறது, வேறு இடத்தில் வேறு கொத்தாகவும் சுடுகிறது. நேர்நிலையும் தள்ளியிருக்க வாய்ப்பு உண்டு, அதை ரீமர் சரிசெய்யாது. தச்சர் ரேஞ்ச் ராட் (குழல் வழியே அறைக்குள் விடும் அளவுக் கம்பி) விட்டுப் பார்த்துச் சொல்லிவிடுவார்.

பருவத்துக்குள் வேலை முடியாவிட்டால் நல்ல நான்கு அறைகளில் மட்டும் தோட்டா போட்டுக்கொண்டு போங்கள். மானுக்கு ஒன்றுதான் தேவை. 1976-இல் ஐஎச்எம்எஸ்ஏ (இரும்பு உருவ இலக்குகளைக் கைத்துப்பாக்கியால் சுடுவோர் சங்கம்) தொடங்கி, 200 மீட்டரில் இரும்பு ஆட்டுக்கடாவை ரிவால்வரால் சாய்க்கும் போட்டி இங்கே அரிசோனா வட்டாரத்திலிருந்து பரவியபோது, சிலிண்டரில் மோசமான அறையைக் குறித்துவைத்து அதை ஒதுக்கிச் சுட்டவர்கள் ஏராளம். நான் நிரப்புவது பற்றித் தெரிந்துகொண்டதில் பாதி அந்தப் போட்டிக்காரர்களிடமிருந்து வந்தது. டான் வெஸ்ஸன் ரிவால்வரை அவர்கள் விரும்பியதும் சும்மா இல்லை. குழலையும் சிலிண்டருக்கும் குழலுக்கும் உள்ள இடைவெளியையும் கேஜ் வைத்துச் சொந்தக்காரரே மாற்றி அமைக்கலாம்.

மலர்வனம் (ஒஹாயோ)

அறை விஷயம் தீர்ந்தது, இனி தோட்டாவுக்கு வரலாமா? எல்லோரும் மருந்தையும் குண்டையும் பேசுகிறீர்கள். நிரப்பும் மேசையில் துல்லியத்தைத் தீர்மானிக்கும் இடம் என் பார்வையில் உறையின் வாய்தான்.

குண்டை உறை பிடித்திருக்கும் பிடிக்குக் காரணம் கிரிம்ப் (உறையின் விளிம்பைக் குண்டின் மேல் உள்ளே மடிப்பது) என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசிப் பிடி கிரிம்புக்குக் கீழே, உறைச் சுவர் குண்டைத் தழுவியிருக்கும் இடத்தில் இருக்கிறது. உங்கள் டை செட்டில் (நிரப்பும் அச்சுகள்) வரும் எக்ஸ்பேண்டரை (உறையின் வாயை விரிக்கும் கருவி) மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். குண்டின் விட்டத்தைவிட மூன்று, நான்கு தௌ சிறிதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் உறை தளர்ந்துவிடும், அந்தத் தளர்வை எவ்வளவு கிரிம்ப் போட்டாலும் ஈடுகட்ட முடியாது. வாயை மணியாக விரிப்பதும் குண்டின் அடி உட்கார மட்டும் போதும். அதிகமாக விரித்தால் உறை சீக்கிரம் விரிசல் விடும்.

அடுத்து உறைகளின் நீளம். ரிவால்வர் உறையை யாரும் வெட்டுவதில்லை, பாதுகாப்புக்காக வெட்ட வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இல்லை. ஆனால் நீளம் மாறினால் கிரிம்பும் மாறும். நீளமான உறையில் ஆழமாகக் கடிக்கும், குட்டையானதில் தொட்டும் தொடாமலும் நிற்கும். வேட்டைக்கென்று ஒரே தயாரிப்பு உறைகளை ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை செய்தால் பல வருஷம் வரும்.

குண்டை உட்கார வைப்பதும் கிரிம்ப் போடுவதும் தனித்தனியாக, இரண்டு படியில். ஒரே படியில் செய்தால் குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே வாய் உள்ளே கடிக்கும், ஈயக் குண்டில் சுருள் சுருளாகச் சீவல் வருவதைப் பார்க்கலாம். முடிந்த தோட்டாவைக் கண்ணுக்கு நேரே பிடித்து வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றுங்கள். உறையின் விளிம்பு குண்டின் கானலூருக்குள் (குண்டைச் சுற்றியுள்ள பள்ளம்) சுற்றிலும் சமமாக மடிந்து மறைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் விளிம்பு தெரிந்தால் அந்தத் தோட்டா பயிற்சிக்கு. கிரிம்புக்குக் கீழே உறை புடைத்திருந்தால் அதை அறைக்குள்ளேயே விடாதீர்கள்.

வெர்னியர் காலிபர் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை அளந்து குறித்து ஓர் அறையில் போடுங்கள். மற்ற அறைகளில் உள்ளவற்றையெல்லாம் சுட்ட பிறகு அதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். ஒவ்வொரு சுடலின் உதைப்பும் அந்தக் குண்டை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். நீளம் கூடியிருந்தால் பிடி போதவில்லை. மிக மோசமானால் குண்டின் மூக்கு சிலிண்டருக்கு முன்னால் நீண்டு, சிலிண்டர் சுழலாமலே நின்றுவிடும். இலேசான துப்பாக்கியில் கனமான குண்டு போட்டால் இது சீக்கிரம் நடக்கும்.

ஈயவார்ப்பு

மலர்வனம் அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. ஈயக் குண்டு போடுபவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. சில கிரிம்ப் டைகளில் அடியில் ஒரு கார்பைடு வளையம் இருக்கும், தோட்டா முழுவதையும் கடைசியாக ஒருமுறை சைஸ் செய்துவிடும். செம்புறைக் குண்டுக்குப் பாதகம் இல்லை. நீங்கள் த்ரோட்டுக்கு ஏற்ப .431-க்கு அளந்து சைஸ் செய்த ஈயக் குண்டை அது உறைக்குள் வைத்தே நசுக்கி .429 ஆக்கிவிடலாம். அப்புறம் குழல் முழுக்க ஈயம் படியும். சந்தேகம் இருந்தால் ஒரு தோட்டாவை இழுத்துப் பிரித்துக் குண்டை அளந்து பாருங்கள்.

குழலிலும் ஒரு இடம் பார்க்க வேண்டும். குழலைச் சட்டகத்தில் திருகி இறுக்கும் இடத்தில் உள்விட்டம் சில துப்பாக்கிகளில் சற்றுச் சுருங்கிவிடும். எண்ணெய் தடவிய மெல்லிய ஈயத் துண்டு ஒன்றைப் பித்தளைக் கம்பியால் முன்முனையிலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டு போனால் கையிலேயே தெரியும். சீராகப் போய்க்கொண்டிருந்தது சட்டகத்தின் அருகில் வந்ததும் சட்டென்று இறுகும். ஈயக் குண்டு அந்த இறுக்கத்தில் சிறிதாகி, மீதிக் குழல் முழுக்கத் தளர்வாகப் போகும். செம்புறைக் குண்டு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். தேய்ப்பொடி பூசிய மென்ஈயக் குண்டுகளைக் குறைந்த வேகத்தில் சுட்டுத் தேய்த்து எடுக்கும் முறை ஒன்று உண்டு, ஆனால் தேய்த்ததைத் திரும்ப வைக்க முடியாது. அளக்காமல் யாரும் அதில் இறங்க வேண்டாம்.

2400-க்குச் சாதாரண பிரைமரே போதும் என்பது என் அனுபவம். மேக்னம் பிரைமர் போட்டால் அழுத்தம் ஏறுகிறது, துல்லியம் ஏறவில்லை. கையேடு எந்தப் பிரைமரில் சோதித்தது என்று பார்த்து அதையே போடுங்கள்.

சிறுவாணி (கோயம்புத்தூர்)

ஒரு மாதமாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். லேத் பட்டறை வேலை என்பதால் த்ரோட், தௌ கணக்கெல்லாம் நன்றாகப் புரிகிறது. இங்கே நம்ம ஊரில் இதைப் பழக ஏதாவது வழி உண்டா?

ஆறுஅறை

தம்பி, இந்தியாவில் வழி இல்லை, முயற்சியும் செய்யாதீர்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை கிடையாது. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். குறிபார்த்துச் சுடுவதில் ஆசை இருந்தால் ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து ஏர் பிஸ்டல் பழகுங்கள். டிரிகர் இழுப்பும் மூச்சும் அதில் கற்றுக்கொண்டவர்கள் இங்கே வந்து .44-ஐக் கையில் எடுத்தால் மற்றவர்களைவிட நன்றாகவே சுடுகிறார்கள்.

பாலைக்காற்று

தச்சர் த்ரோட் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டார். 3 சரியாகிவிட்டது. 5 அளவில் சரி, கொத்தும் சிறிதாகிவிட்டது, ஆனால் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்தான். நேர்நிலை இலேசாகத் தள்ளியிருக்கிறது என்று அவரும் சொன்னார். 5-ஐ விட்டுவிட்டு மற்ற ஐந்து அறையில் அதே பழைய மருந்து, அதே குண்டு, 50 கஜத்தில் இரண்டு அங்குலத்தை ஒட்டி விழுகிறது. 2400 வாங்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

கடைசியாக இரண்டு கேள்வி. எக்ஸ்டிபி மானுக்குப் போதுமா, காட்டுப்பன்றி வந்தால்? எவ்வளவு தூரம் வரை சுடலாம்?

ஆறுஅறை

240 கிரெய்ன் எக்ஸ்டிபி ரிவால்வர் வேகத்தில் விரிவதற்காகவே செய்யப்பட்டது, வெள்ளைவால் மானுக்குத் தாராளமாகப் போதும். பெரிய ஆண்பன்றி என்றால் தோள்தோல் கேடயம்போல் தடித்திருக்கும், அங்கே எனக்கு ஈயவார்ப்பு சொல்கிற அகலத் தட்டை மூக்குக் கெட்டி ஈயக் குண்டு பிடிக்கும், இல்லாவிட்டால் 300 கிரெய்ன் எக்ஸ்டிபி. கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வே கிடையாது, 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயம் கூடாது. பார்ன்ஸ் எக்ஸ்பிபி மாதிரி முழுச் செம்புக் குண்டுதான். அது அதே எடைக்கு நீளம் அதிகம், உறைக்குள் ஆழமாக இறங்கி மருந்தின் இடத்தைப் பிடிக்கும். ஈயக் குண்டுக்கான அளவை அதற்குப் போட்டுவிடாதீர்கள், அதற்கென்று தனி அட்டவணை இருக்கிறது.

தூரத்தை மணல்மூட்டை சொல்லாது. மானின் நெஞ்சில் உயிர்நிலை எட்டு அங்குலம் என்று வையுங்கள், நான் ஆறு என்றே கணக்கு வைக்கிறேன். ஆறு அங்குலத் தட்டு ஒன்றை வைத்து, மூட்டை இல்லாமல், உட்கார்ந்து முழங்காலில் முழங்கை ஊன்றி, மரத்தில் சாய்ந்து, இப்படி வேட்டையில் அமையக்கூடிய நிலைகளில் மட்டும் சுடுங்கள். ஒவ்வொரு முறையும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். தட்டைத் தவறவிடும் தூரம் எதுவோ அதற்கு முந்தியதுதான் உங்கள் எல்லை. துப்பாக்கி 100 கஜத்தில் நாலு அங்குலம் போடும் என்பது வேறு விஷயம். இரும்பு சைட்டில் பெரும்பாலானவர்களுக்கு இது 50-க்கும் 75-க்கும் நடுவில் எங்காவது நிற்கும். கீத் 600 கஜத்தில் அடிபட்ட மானைச் சுட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். அவர் வாழ்நாள் முழுக்கத் தூரத்துப் பாறைகளைச் சுட்டுப் பழகியவர், அதைப் பார்த்து யாரும் தங்கள் எல்லையை நீட்ட வேண்டாம். காயம்பட்டு ஓடிய மானைத் தேடிக்கொண்டு இருட்டில் சீடார் புதருக்குள் அலைவது அந்த மிருகத்துக்குச் செய்கிற பெரிய அநியாயம்.

இன்னொன்று. முதல் குண்டு எங்கே போகிறது என்று தனியாகக் குறித்துவையுங்கள். குழல் குளிர்ந்து, சுத்தமாக, எண்ணெய் துடைத்திருக்கும்போது சுடும் அந்த ஒன்றுதான் மானுக்கு. ரேஞ்சுக்குப் போகும்போதெல்லாம் முதல் குண்டுக்கு ஒரே தாளைப் பயன்படுத்துங்கள், தேதி எழுதி வையுங்கள். பருவம் தொடங்கும்போது அந்தத் தாளில் இருக்கிற கொத்துதான் உங்கள் உண்மையான குவியல்.

மலர்வனம்

அண்ணன் சொன்ன முதல் குண்டுத் தாளை நானும் வைத்திருக்கிறேன், அதைவிட நேர்மையான கணக்கு வேறு இல்லை.

பாலைக்காற்று, உங்கள் மாநிலத்தில் மானுக்கு ரிம்ஃபயர் (உறையின் அடி விளிம்பில் பற்றும் தோட்டா) கூடாது என்பதைத் தவிரப் பெரிய கட்டுப்பாடு இல்லை. இங்கே ஒஹாயோவில் குழல் ஐந்து அங்குலமாவது இருக்க வேண்டும், நேர்ச்சுவர் உறை (கழுத்து சுருங்காதது), .357 அல்லது அதற்கு மேல். வேறு மாநிலம் போனால் அந்த வருஷத்து வேட்டை விதிக் கையேட்டைப் பாருங்கள்.

வேட்டைக்கு எடுத்துப் போகிற தோட்டா ஒவ்வொன்றையும் முந்தின நாள் ரேஞ்சில், பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு, எந்த அறையில் போகுமோ அந்த அறையிலேயே போட்டுப் பாருங்கள். முழுவதும் உள்ளே இறங்க வேண்டும், சிலிண்டர் தடையில்லாமல் ஒரு சுற்று சுற்ற வேண்டும். பிரைமர் சற்றே மேலெழும்பி நின்றால் பின்தகட்டில் உரசிச் சிலிண்டரைப் பிடிக்கும், விரல்நுனியால் தடவினாலே தெரிந்துவிடும். அப்படித் தேறியவற்றைத் தனி டப்பாவில் போட்டு மருந்தின் பெயர், லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், குண்டு, பிரைமர், நிரப்பிய தேதி எல்லாவற்றையும் மூடியில் எழுதி ஒட்டுங்கள். மருந்து டப்பா தீர்ந்து புது லாட் திறந்தால் கொஞ்சம் கீழிருந்து மறுபடி ஏறி வாருங்கள், எச்110-க்கு அந்த 3 சதவீத எல்லைக்குள். 5-ஆம் அறைக்கு ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள், விடிவதற்கு முன் டார்ச் வெளிச்சத்தில் மார்க்கர் எண் கண்ணுக்குப் படாது.